ஐந்தாண்டு கழித்து ஓட வேண்டிய கணக்கு

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகிற சாலையில் பதின்மூன்று கிலோமீட்டர் போனால் மாட்டுப்பட்டி. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அது ஓர் அணை, ஒரு படகுத்துறை, சோளமும் மாங்காய்க் கீற்றும் விற்கிற கடைவரிசை. அந்த அணை பள்ளிவாசல் மின்திட்டத்துக்குத் தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. அந்த வட்டாரத்துப் புல்வெளிகளில் உள்ள மாட்டுப் பண்ணைதான் எனக்கு முக்கியம். 1963இல் இந்திய அரசும் சுவிட்சர்லாந்து அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இந்தோ-சுவிஸ் திட்டம் அங்கே தொடங்கியது. கேரளத்து நாட்டு மாடுகளோடு பிரவுன் சுவிஸ் இனத்தைக் கலந்து, பிறகு ஜெர்சியையும் ஹோல்ஸ்டீனையும் சேர்த்து, சுனந்தினி என்கிற கலப்பினத்தை உருவாக்கினார்கள். 1976இல் இந்தப் பணிக்கென்று ஒரு வாரியம் அமைந்தது. இன்று அதற்குப் பெயர் கேரள கால்நடை வளர்ச்சி வாரியம். மாட்டுப்பட்டி, பாலக்காட்டுக்கு அருகே தோணி, கொல்லம் மாவட்டத்துக் குளத்துப்புழை என்று அதற்குப் பல பண்ணைகள்.

அங்கே நடக்கிற வேலை முழுவதையும் ஒரு கேள்வியில் அடக்கலாம்: எந்தப் பொலிகாளை நல்ல காளை? கேட்பதற்கு எளிது. ஆனால் காளை பால் கறக்காது. உயரத்தையும் மார்பகலத்தையும் சுழியையும் பார்த்து அதன் கன்றுகள் எவ்வளவு கறக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதன் மகள்கள் பிறந்து, வளர்ந்து, ஈன்று, கறந்து காட்ட வேண்டும். அதுவும் ஒரு மகள் போதாது, ஒரு வீட்டு மகள்கள் போதாது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தீவனத்தில், வெவ்வேறு கைகளில் வளர்ந்த பல மகள்கள் வேண்டும். சினை ஊசி போட்டதிலிருந்து ஒன்பது மாதம் சொச்சம் கழித்துக் கிடேரி பிறக்கும். அது முதல் ஈற்றுக்கு வர இரண்டரை முதல் மூன்று ஆண்டு. அதற்கு மேல் ஒரு கறவைக்காலம், கணக்குக்கு 305 நாள். எல்லாம் கூட்டினால் கேள்விக்கும் விடைக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு இருக்கும். அதுவரை அந்தக் காளையின் உறைவிந்து, கால் மில்லி கொள்ளும் குச்சிகளில், கழித்தல் 196 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனுக்குள் மாறாமல் கிடக்கும்.

குச்சி மாறாமல் இருக்கிறது. மற்றவை அப்படி இல்லை. ஐந்தாண்டில் பால் அளந்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அதிகாரி மாற்றலாகியிருப்பார். கணக்கை எழுதிய ஆய்வு மாணவி பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊரில் இருப்பாள். அவளுடைய மடிக்கணினி பழுதாகி ஒரு அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். அவள் எழுதிய மொழியின் பதிப்பே மாறியிருக்கும்: பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது, பாண்டாஸ் லைப்ரரியில் ஆயிரக்கணக்கானோர் பழகியிருந்த, அட்டவணையில் வரி சேர்க்கிற ‘அப்பென்ட்’ கட்டளையை 2023இல் வந்த 2.0 பதிப்பு எடுத்தேவிட்டது. அன்று போட்ட கணக்கை இன்று வேறொருவர் திறந்து ஓட்டினால் ஓடுமா? ஓடினாலும் அதே விடை வருமா? நோட்புக்கில் எழுதிய நிரலை, மேலிருந்து கீழே ஒரே வரிசையில் ஓடுகிற ஸ்கிரிப்ட் கோப்பாக மாற்றுவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பண்ணைதான் நினைவுக்கு வருகிறது. மென்பொருள் நிறுவனங்களில் அது ஓர் ஒழுங்குப் பிரச்சினை. இங்கே அது ஒரு காளையின் தகுதி, அந்தக் காளையை நம்பி ஊசி போட்டுக்கொண்ட வீட்டின் அடுத்த பத்தாண்டு வருமானம்.

நோட்புக் என்பதை அறியாத வாசகருக்கு இரண்டு வரி சொல்ல வேண்டும். கணினித் திரையில் ஒரு நீண்ட தாள். அதில் பெட்டி பெட்டியாக இடம். ஒவ்வொரு பெட்டிக்கும் செல் என்று பெயர். ஒரு செல்லில் நாலு வரிக் கட்டளை எழுதி ஓட்டினால் விடையோ படமோ அதற்குக் கீழேயே வந்து நிற்கும். பிடிக்கவில்லையென்றால் அந்தச் செல்லை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டலாம். மேலே உள்ளதைத் தொடவேண்டியதில்லை. 2001இல், கொலராடோவில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ் தன் வசதிக்காக எழுதத் தொடங்கிய ஐபைத்தான் இதற்கு மூலம். 2011இல் அது நோட்புக் வடிவம் எடுத்தது. 2014இல் ஜூபிட்டர் என்ற பெயரில் தனித் திட்டமாயிற்று. வியாழன் கோளின் நிலவுகளைப் பற்றிக் கலிலியோ எழுதிவைத்த குறிப்பேடுகளுக்கு மரியாதை செய்கிற பெயர் அது. இன்று தரவோடு வேலை செய்கிற மாணவர் எவரும் முதலில் கற்றுக்கொள்வது அநேகமாக இதைத்தான்.

அந்தத் தாளை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு விஷயம் என்னவென்றே தெரியாமல் துழாவுகிற நாட்களில் அதைவிட நல்ல துணை கிடையாது. பால் அளவுப் பட்டியலை முதன்முதலாகத் திறக்கிறோம். எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது, எத்தனை மாடு, எத்தனை வெற்றுக் கட்டம், யாரோ 8.5 என்பதை 85 என்று பதிந்துவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு கோட்டுப்படம் வரைந்து, அடித்து, மறுபடி வரைகிற வேலை அது. ராமானுஜன் கும்பகோணத்தில் சிலேட்டில் கணக்குப் போட்டு அழித்துவிட்டு முடிவை மட்டும் ஏட்டில் எழுதிவைத்தார். அந்த ஏடுகள் இல்லாவிட்டால் பலவற்றை நாம் இழந்திருப்போம். ஆனால் அவற்றின் கதை அங்கே முடியவில்லை. டாடா ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் ஏடுகளை அப்படியே படியெடுத்து வெளியிட்டது. வழி எழுதப்படாத முடிவுகளுக்கு வழி கண்டு ப்ரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகளில் முதலாவது 1985இல் வந்தது, கடைசித் தொகுதி 1998இல். சிலேட்டில் அழிந்ததை மீட்க ஒரு கணித அறிஞரின் வாழ்நாளில் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது. ராமானுஜனுக்காக அந்தச் செலவைச் செய்ய உலகம் முன்வந்தது. நம் பால் கணக்குக்காக யாரும் வரப்போவதில்லை.

நோட்புக்கின் உண்மையான ஆபத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஒரு பால் சங்கத்துப் பட்டியலில் பால் லிட்டரில் இருக்கிறது, மற்றவற்றில் கிலோவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ. ஆகவே மாணவி ஒரு செல்லில் ‘பால் என்பது இனி பால் பெருக்கல் 1.03’ என்று ஒரு வரி எழுதி ஓட்டுகிறாள். சரியான வரி. பிற்பகல் வேறு ஏதோ திருத்தும்போது அந்தச் செல்லின் மேல் கை பட்டு மறுபடி ஓடிவிடுகிறது. திரையில் எதுவும் மாறாது. பிழைச் செய்தி வராது. வரி அதே வரிதான். ஆனால் கெர்னல் என்று சொல்லப்படும் பின்னணி நினைவில் இருந்த பால் ஏற்கெனவே கிலோவாக மாறிய பால். அது இன்னொரு முறை பெருகிவிட்டது. 3000 லிட்டர் கறந்த மாட்டுக்கு 3090 கிலோ என்று வர வேண்டிய இடத்தில் 3182.7 என்று நிற்கிறது. தாளை வரிவரியாகப் படித்தாலும் தப்பு தெரியாது, ஏனென்றால் தப்பு தாளில் இல்லை. ஓட்டிய வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையோ கணினியை அணைத்ததும் போய்விடும். செல்லின் ஓரத்தில் சதுர அடைப்புக்குள் இருக்கும் சிறிய எண் மட்டும் ஒரு தடயம்: மேலே 41, அதற்குக் கீழே 12, அடுத்து 38 என்று எண்கள் முன்பின்னாகக் கிடந்தால், அந்தத் தாளை மேலிருந்து கீழே படிப்பவர் படிப்பது நடந்த கதையை அல்ல.

ஏறத்தாழ தொண்ணூற்று மூன்று கிலோ பெரிய தொகையா என்று கேட்கலாம். ஒரு காளையின் மகள்களையும் இன்னொரு காளையின் மகள்களையும் ஒப்பிடும்போது கிடைக்கிற வேறுபாடு சில நூறு கிலோவுக்குள் அடங்கிவிடுவது உண்டு. லிட்டரில் பதிந்த அந்தச் சங்கத்தில் ஒரு குறிப்பிட்ட காளையின் மகள்கள் அதிகம் இருந்துவிட்டால், செய்யாத சாதனைக்காக அந்தக் காளை மேலே ஏறும். அதைவிட நல்ல காளை ஒன்று கீழே இறங்கும். ஐந்தாண்டு காத்திருந்து பெற்ற விடை, ஒரு கைபட்டதில் புரண்டுவிடும்.

இது எங்கோ ஒரு மாணவிக்கு நேர்கிற விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. 2019இல் பிமென்டெல், முர்த்தா, பிரகன்யோலோ, ஃப்ரெய்ரே என்ற நான்கு ஆய்வாளர்கள் நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் பொதுவில் கிடந்த ஏறத்தாழ 14 லட்சம் ஜூபிட்டர் நோட்புக்குகளைத் திரட்டினார்கள். ஓட்டிப் பார்க்கத்தக்கவற்றை எடுத்து ஓட்டியபோது பிழையின்றி முடிவுவரை ஓடியவை 24 சதவீதம். எழுதியவர் விட்டுச்சென்ற அதே விடையைத் திரும்பத் தந்தவை 4 சதவீதம். நூற்றுக்கு நாலு. இவை உலகம் பார்க்கட்டும் என்று எழுதியவர்களே பொதுவில் வைத்தவை.

இனி அந்தப் பால் கணக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மாற்றுவது என்றால் என்ன என்பது அதில்தான் தெரியும். கறவை மாட்டை நாள்தோறும் போய் அளக்க ஆள் கிடையாது. மாதத்துக்கு ஒருநாள் போவார்கள். அந்த ஒருநாள் காலைப் பாலையும் மாலைப் பாலையும் அளந்து குறித்துக்கொள்வார்கள். கன்று ஈன்று 20ஆம் நாள் 8 கிலோ, 50ஆம் நாள் 10 கிலோ, 80ஆம் நாள் 9 கிலோ என்று குறிப்பு இருக்கிறது. நடுவில் அளக்காத நாட்களுக்கு என்ன செய்வது? முதல் 20 நாளுக்கு நாளொன்றுக்கு 8 என்று வைத்தால் 160. அடுத்த 30 நாளுக்கு எட்டுக்கும் பத்துக்கும் சராசரி 9, ஆக 270. அதற்கடுத்த 30 நாளுக்குச் சராசரி 9.5, ஆக 285. 80 நாளில் 715 கிலோ. இப்படியே 305 நாள் வரை கொண்டுபோவார்கள். கால்நடைப் பதிவுக்கான பன்னாட்டுக் குழு ஏற்றுக்கொண்ட முறைகளில் ஒன்று இது. பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். மாடு ஒன்றானால் விரலிலேயே முடியும். மாடு பல ஆயிரம் என்றால் கணினி.

கணக்கு இவ்வளவு நேராக இருந்தால் எனக்கும் எழுத ஒன்றுமிருக்காது. அளக்கப் போனவர் காலையில் வந்தார், மாலையில் மழை, வர முடியவில்லை. மாலைக் கட்டம் காலியாக இருக்கிறது. இப்போது அந்த நாளை என்ன செய்வது? காலைப் பாலை இரட்டித்தால் என்ன என்று சட்டென்று தோன்றும். தப்பு. இரவு முழுக்க மடியில் சேர்ந்த பால் காலையில் வருகிறது. சங்கத்துக்கு ஊற்ற வேண்டும் என்பதால் பல ஊர்களில் மாலைக் கறவை பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. இடைவெளி சமமில்லை, ஆகவே காலைப் பால் கூடுதல். இரட்டித்தால் மாட்டின் கணக்கு உயரும். அந்த நாளையே விட்டுவிடலாமா? விட்டால் இரண்டு அளவைகளுக்கு நடுவே 60 நாள் வரும், அதுவும் முழு நியாயமில்லை. கறவை இடைவெளியைப் பார்த்துத் திருத்தெண் போடலாமா? போடலாம், ஆனால் கறந்த நேரம் பதிவாகியிருக்க வேண்டும். இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அது ஒரு முடிவு. யாரோ ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. நோட்புக்கில் அது ஏழாவது செல்லின் மூன்றாவது வரியாக, பெயரில்லாமல், காரணமில்லாமல் கிடக்கும்.

கணினிக்கு வருவதற்கு முன்பே இந்த மாதிரி முடிவுகள் தொழுவத்தில் தொடங்கிவிடுகின்றன. விடியலில் வாளியைத் தராசில் தொங்கவிட்டு அளக்கிறவர், “அக்கா, கன்னுக்கு விட்டது போகவா, விடுறதுக்கு முந்தியா?” என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுவார். ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டுவைக்கிற வீடு உண்டு, முழுக்கக் கறந்துவிட்டுப் பிறகு விடுகிற வீடு உண்டு. அதைக் கேட்டு எழுதியவரின் ஏட்டில் ஓரக்குறிப்பு இருக்கும். அந்த ஓரக்குறிப்பு அட்டவணையில் ஒரு பத்தியாக ஏறியதா, ஏறிய பின் கணக்கில் சேர்ந்ததா என்பது அடுத்தடுத்த ஆட்களின் கவனத்தைப் பொறுத்தது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் சிறியதில்லை என்று நான் நம்புகிறேன். அந்த அக்காவின் இரண்டு நிமிடப் பொறுமைக்கு மரியாதை செய்கிற கணக்குதான் நல்ல கணக்கு.

இப்போது மாற்றுகிற வேலைக்கு வரலாம். அதைச் செய்ய ஒரு கட்டளை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. என்பிகன்வர்ட் என்ற கருவிக்கு நோட்புக்கைக் கொடுத்தால் ஒரு நொடியில் ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றைத் துப்பும். திறந்து பாருங்கள். இத்தனையாவது செல் என்ற குறிப்புகள், அட்டவணையின் முதல் ஐந்து வரியைக் காட்டச் சொன்ன வரிகள், வரைந்து பார்த்துக் கைவிட்ட மூன்று படங்கள், ஒரே கோப்பை இரண்டு இடத்தில் திறக்கிற வரிகள், எல்லாம் வரிசையாக இருக்கும். தாளின் தோலை உரித்ததோடு சரி. எழுதியவர் தலையில் இருந்தது அவர் தலையிலேயே இருக்கிறது. அந்தக் கட்டளையால் எடுக்க முடியாதது அதுதான்.

நான் வற்புறுத்துகிற முதல் வேலை வேறு. கெர்னலை அணைத்து, மறுபடி தொடங்கி, மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் ஓட்டிப் பார்ப்பது. எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நிற்கிற இடமெல்லாம் அழிந்துபோன ஒரு செல்லின் இடம், அல்லது கீழே வரையறுத்ததை மேலே பயன்படுத்திய இடம். நிற்காமல் ஓடி விடை மட்டும் மாறினால் அது இன்னும் முக்கியம். பழைய விடை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் ஓர் அடிகூட நகரக் கூடாது. பலர் இந்த இடத்தில் சலித்துப்போய்ப் பழைய விடையையே அறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டாதீர்கள்.

அதன் பிறகு பிரிப்பது. கோப்பைப் படிப்பது ஒரு செயற்கூறு, லிட்டரைக் கிலோவாக்குவது ஒன்று, காலியான மாலைக் கட்டத்தைக் கையாள்வது ஒன்று, 305 நாள் கூட்டுத்தொகை ஒன்று, அட்டவணை எழுதுவது ஒன்று. செயற்கூறு என்று தமிழ்நாட்டுப் பாடநூலில் பிளஸ் டூ மாணவர்கள் படிக்கிறார்களே, அதுதான். அதன் அருமை என்னவென்றால், வேண்டியதை எல்லாம் வாசலில் கேட்டு வாங்கிக்கொண்டு, விடையை வாசலிலேயே திருப்பித் தரும். பின்னணி நினைவில் யாரோ எப்போதோ விட்டுச்சென்றதை எடுத்துப் புழங்காது. அப்படி ஒழுங்காக எழுத வேண்டும். லிட்டர் பத்தி என்று ஒன்று, கிலோ பத்தி என்று ஒன்று தனித்தனியே வைத்து, முன்னதைத் தொடாமல் பின்னதை நிரப்பினால், அந்த 1.03ஐ நூறு முறை ஓட்டினாலும் 3090 தான் வரும். முன்பு சொன்ன விபத்து நடக்க இடமே இல்லாமல் போய்விடுகிறது. காலிக் கட்டத்தைக் கையாளும் செயற்கூறுக்கு ‘மாலைப் பதிவு இல்லாத நாளை விடு’ என்று பெயர் வைக்கலாம். தலைப்பில் இரண்டு வரி, ஏன் இரட்டிக்கவில்லை என்று. அந்த இரண்டு வரியை எழுத உட்காரும்போதுதான், ஏன் என்று தனக்கே தெரியாது என்பது பலருக்குத் தெரியவரும்.

305, 1.03, கோப்பு இருக்கும் இடம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பவை கோப்பின் தலையில் ஓரிடத்தில் வர வேண்டும், அல்லது ஓட்டும்போது வெளியிலிருந்து கொடுக்கும்படி இருக்க வேண்டும். சொந்த மடிக்கணினியின் டெஸ்க்டாப்பில் ‘புதிய ஃபோல்டர் 2’க்குள் ‘ஃபைனல் திருத்தியது’ என்று கிடக்கும் அட்டவணையின் முகவரி நடுவில் எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருந்தால் தோணியில் இருப்பவரால் அதை ஓட்ட முடியாது. இந்தக் கோப்பை நேரே ஓட்டினால் மட்டும் முழுக் கணக்கும் நடக்கட்டும், வேறு கோப்பிலிருந்து இதன் செயற்கூறுகளை அழைத்தால் பேசாமல் இருக்கட்டும் என்று சொல்ல பைத்தானில் ஒற்றை வரி ஏற்பாடு உண்டு. அந்த ஒரு வரியால் கோப்பு இரண்டு விதத்தில் பயன்படுகிறது. அடுத்த ஆண்டு எருமைக்குக் கணக்குப் போடுகிறவர் கூட்டுத்தொகைச் செயற்கூறை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்ற பட்டியல் ஒரு சிறு கோப்பாகக் கூடவே போக வேண்டும். இல்லையென்றால் அப்பென்ட் போன கதை திரும்பும்.

சோதனை என்று ஒன்று இருக்கிறது. நான் மேலே விரலில் கூட்டிய மாடு இருக்கிறதே, 20, 50, 80 நாட்கள், 8, 10, 9 கிலோ, 715. அதை அப்படியே ஒரு சோதனையாக எழுதிவைக்க வேண்டும்: இந்த மாட்டைக் கொடுத்தால் 715 வர வேண்டும், வராவிட்டால் கூச்சல் போடு. ஒரே ஒரு மாடு. யார் எந்த வரியைத் திருத்தினாலும், எந்த லைப்ரரி புதுப்பிக்கப்பட்டாலும், அந்த ஒரு மாடு காவலுக்கு நிற்கும். ஒருநாள் மட்டும் அளந்த மாடு ஒன்று, மாலைக் கட்டம் காலியான மாடு ஒன்று, ஐந்தாம் மாதம் விற்கப்பட்ட மாடு ஒன்று என்று இன்னும் மூன்றைச் சேர்த்தால் போதும். தாளில் கையால் கூட்டிச் சரிபார்த்த இந்த நாலு மாடுகள் நாலாயிரம் மாடுகளின் கணக்கைத் தாங்கும்.

இத்தனையும் செய்தபின் நோட்புக்கை என்ன செய்வது? வைத்துக்கொள்ளுங்கள். அது இப்போது ஒல்லியாகியிருக்கும். மேலே ஒரு வரியில் கோப்பை அழைத்து, கீழே படங்களை வரைந்து, நடுவில் விளக்கத்தைப் பத்தி பத்தியாக எழுதினால் படிக்கிறவருக்கு அதைவிட இதமான வடிவம் வேறில்லை. நோட்புக்குக்குள் படங்களும் விடைகளும் சேர்ந்தே சேமிக்கப்படுவதால் இரண்டு பதிப்புகளுக்கு இடையே என்ன மாறியது என்று பார்ப்பது வேதனை; ஜூபிடெக்ஸ்ட் போன்ற கருவி நோட்புக்கையும் வெற்று உரைக்கோப்பையும் ஒத்திசைத்து வைத்திருக்கும். ஒரு மாலை வேலைக்காகப் போட்டுப் பார்த்த கணக்கையெல்லாம் ஸ்கிரிப்டாக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அளவுகோல் எளிது: இதே கணக்கை வேறொருவர் ஓட்ட நேருமா, இதன் விடையை நம்பி வேறொருவர் எதையாவது செய்வாரா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் மாற்ற வேண்டும்.

கால்நடை இனவிருத்தித் துறைக்கு இந்த ஒழுக்கம் புதிதுமல்ல. மகளின் பாலில் காளையின் பங்கு எவ்வளவு, ஊரின் பங்கு எவ்வளவு, பருவத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்கும் கணித முறையைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹெண்டர்சன் வகுத்தார். அந்த முறையில் கணக்கிட உலகெங்கும் இன்றும் புழங்குகிற பிளப்எஃப்90 என்ற நிரல்தொகுதி ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. அதை ஓட்ட ஒரு சிறு குறிப்புக்கோப்பு வேண்டும்: தரவு எந்தக் கோப்பில், வம்சாவளி எந்தக் கோப்பில், எந்தப் பத்தி என்ன. அந்தக் குறிப்புக்கோப்பைப் பத்திரப்படுத்தியவர் தன் ஆய்வைப் பத்திரப்படுத்தியவர். பார்க்க அழகில்லை, படம் வராது. ஆனால் அதைப் படிக்கும் எவரும் என்ன கணக்கு நடந்தது என்று சொல்லிவிடலாம். நம் மாணவர்கள் இந்தப் பெரிய நிரலைப் பயபக்தியோடு ஓட்டுகிறார்கள். அதற்குள் போகிற தரவைத் தயாரித்த நோட்புக்கைத்தான் யாருக்கும் காட்டுவதில்லை. விடை பிழைக்கிற இடம் பெரிய நிரலுக்குள் அபூர்வம். வாசலுக்கு வெளியேதான் அதிகம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்றாண்டுக்குள் ஆய்வேடு முடிக்க வேண்டும், உதவித்தொகை தாமதமாகிறது, வழிகாட்டி கேட்பது அட்டவணை மூன்றும் படம் ஐந்தும்தான். கோப்பை அவர் கேட்பதில்லை. கேட்காத ஒன்றை மாணவர் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. ஆகவே என் கோரிக்கை மாணவரிடம் இல்லை, கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவர்களிடம். சென்னையிலும் பூக்கோட்டிலும் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகங்களும், பொதுப் பணத்தில் பால் பதிவு நடத்துகிற ஒவ்வொரு வாரியமும் தங்கள் விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஆய்வேட்டோடு, அறிக்கையோடு, அந்த விடையைத் தந்த ஸ்கிரிப்ட் கோப்பும் அதன் சோதனையும் ஒப்படைக்கப்பட வேண்டும், எழுதியவர் அல்லாத ஒருவர், வேறொரு கணினியில், முதலிலிருந்து ஓட்டி அதே விடையைப் பெற்றுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத காளைப் பட்டியலை வெளியிடாதீர்கள்.